விளைச்சல் குறையுமாம், யாருடைய காட்டில்?

2021 நவம்பரில் நாசா ஆய்வாளர்கள் தலைமையில் நடந்த ஒரு கணிப்பு 'நேச்சர் ஃபுட்' இதழில் வந்தது. கரியமில வாயு வெளியீடு இப்படியே ஏறினால் இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் உலகின் மக்காச்சோள விளைச்சல் 24 விழுக்காடு குறையும், கோதுமை 17 விழுக்காடு கூடக்கூடும் என்றது அது. நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்களுக்கு முதல் எண் உடனே உறைக்கும். தீவனத்தில் பெரும்பகுதி மக்காச்சோளம்தான். அதன் விலை ஏறினால் முட்டைக் கணக்கே மாறிவிடும். ஆனால் அந்த மக்காச்சோளத்தைக் கூலிக்கு அறுக்கும் அருந்ததியர் பெண்ணுக்கு அந்த 24 விழுக்காட்டில் எவ்வளவு பங்கு? இதை எந்தத் தலைப்புச் செய்தியும் கேட்கவில்லை.

இத்தகைய கணிப்புகளின் அலகு ஹெக்டேர். வெப்பம், மழை, மண், உரம் ஆகியவற்றைக் கணினியில் கொடுத்தால் ஹெக்டேருக்கு இத்தனை டன் என்று விடை வரும். அந்த ஹெக்டேரின் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பது பயிரின் வளர்ச்சிக்குத் தேவையற்ற கேள்வி. அதுவரைக்கும் சரி. ஆனால் அதே எண் பத்திரிகைக்கு வரும்போது 'விவசாயிகளுக்கு இழப்பு' ஆகிறது, தலைமைச் செயலகத்துக்குப் போகும்போது 'விவசாயிகளுக்கு நிவாரணம்' ஆகிறது. சாதி உள்ளே நுழைவது இந்த இடத்தில்தான்.

யார் விவசாயி? மக்கள்தொகையில் 16.6 விழுக்காடு உள்ள பட்டியல் சாதியினரின் கையில் நாட்டின் சாகுபடிப் பரப்பில் சுமார் 9 விழுக்காடுதான் இருக்கிறது என்கிறது 2015-16 வேளாண் கணக்கெடுப்பு. வேளாண்மையில் உழைக்கும் பட்டியல் சாதியினரில் நூற்றுக்கு 71 பேர் கூலிகள் என்கிறது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. சேலம், நாமக்கல் பக்கம் இதற்கு அட்டவணையே வேண்டாம். காடு யாருடையது, காட்டு வேலைக்கு ஆள் எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று எந்த ஊரிலும் கேட்டுப் பாருங்கள். முன்பணம் கொடுத்து ஆண்டுக்கணக்கில் பண்ணையாளாகக் கட்டிப்போட்ட மண் இது.

குச்சிக்கிழங்கை எடுத்துக்கொள்வோம். ராசிபுரம், ஆத்தூர், தலைவாசல் பக்கமெல்லாம் மரவள்ளிதான். அதை நம்பித்தான் ஜவ்வரிசி ஆலைகள், அதற்காகத்தான் 1981இல் சேகோசர்வ். உலகக் கணிப்புகளோ பெரும்பாலும் நெல், கோதுமை, மக்காச்சோளம், சோயா என்ற நான்கைச் சுற்றியே நிற்கின்றன. மரவள்ளியைத் தொட்ட சில ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன: வெப்பம் தாங்கும், வறட்சி தாங்கும், ஆப்பிரிக்காவுக்கு இதுவே விடையாகலாம் என்று. இருக்கலாம். (2020இல் இந்தியாவில் முதன்முதலாகத் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி நம் காடுகளிலும் புகுந்து, அதை அடக்க 2022இல் பெனின் நாட்டிலிருந்து தருவித்த ஒட்டுண்ணிக் குளவியை ஏத்தாப்பூரில் விடவேண்டி வந்தது. அந்த நம்பிக்கையை இதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.) கிழங்கு தாங்கிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதைப் பிடுங்குகிறவர் தாங்குவாரா?

இறுகிக் காய்ந்த மண்ணில் கிழங்கு பிடுங்குவது இடுப்பை ஒடிக்கும் வேலை. ஆலையில் மாவுச்சத்துப் பாயிண்டைப் பார்த்து விலை. மழை பொய்த்துப் பாயிண்ட் இறங்கினால் நிலக்காரருக்கு விலை இறங்குகிறது, அவர் முதலில் கைவைப்பது கூலியில். அப்புறம் களம். ஈர ஜவ்வரிசி காய வெயில் எவ்வளவு அடித்தாலும் ஆலைக்கு நல்லது. அந்தச் சிமெண்டுத் தரையில் நின்று அதைக் கிளறிவிடுகிறவரின் உடம்பு எந்தப் பேரேட்டிலும் இல்லை.

உழைப்பவரின் உடம்பைக் கணக்கில் சேர்த்த ஆய்வுகள் இல்லாமல் இல்லை. 2021இல் வந்த ஒன்று, உலக வெப்பம் 3 டிகிரி உயர்ந்தால் சகாராவுக்குத் தெற்கேயும் தென்கிழக்கு ஆசியாவிலும் வேளாண் தொழிலாளரின் உழைப்புத் திறன் 30 முதல் 50 விழுக்காடு வரை குறையும் என்றது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலையவும் குழந்தை இறந்து பிறக்கவும் ஏறத்தாழ இரண்டு மடங்கு வாய்ப்பு என்று கண்டார்கள். இதை ஹெக்டேருக்கு எத்தனை டன் என்று எழுதுவது?

நிவாரணத்துக்கு வருவோம். 2022-26க்கான பேரிடர் நிதி விதிப்படி, பயிர் 33 விழுக்காட்டுக்கு மேல் சேதமானால் மானாவாரிக்கு ஹெக்டேருக்கு 8,500 ரூபாய், பாசன நிலத்துக்கு 17,000. பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் வேண்டும். சொட்டுநீர் மானியத்துக்கு நிலம் வேண்டும். குத்தகைதாரரும் காப்பீடு செய்யலாம் என்று விதியில் எழுதியிருக்கிறது. வாய்மொழிக் குத்தகைக்கு எந்த நிலக்காரர் கையெழுத்துப் போட்டுத் தருகிறார்? 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, வரவேற்கத்தக்கதுதான். வெப்பத்தில் செத்தால் குடும்பத்துக்கு 4 லட்சம். சாகாமல் இருக்க உச்சிவெயிலில் வேலையை நிறுத்தினால் அன்றைக்குக் கூலி? பகலில் வெளியே வராதீர்கள் என்ற அறிவிப்பு யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது?

காலநிலைக்குச் சாதி ஏது, விவசாயிகளின் ஒற்றுமையை ஏன் உடைக்கிறீர்கள் என்று சூழலியல் நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். மேகத்துக்குச் சாதி இல்லைதான். ஆயிரம் அடி போர்வெல்லுக்கு இருக்கிறது. ஒன்றரை ஏக்கர் வைத்துக்கொண்டு கடனில் முங்கும் வன்னியரின், கவுண்டரின் துயரத்தை நான் மறுக்கவில்லை. அவருக்கு மனு எழுத ஒரு சர்வே எண் இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். மழை பொய்த்தால் இருவரும் இழக்கிறார்கள், ஒருவருடைய இழப்புதான் அளக்கப்படுகிறது. அளக்கப்படாதவரைச் சேர்க்காத ஒற்றுமை யாருக்கான ஒற்றுமை?

நிலமே இல்லாமல் போனதும் இயற்கையாக நடந்ததல்ல. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் 1891இல் கொடுத்த அறிக்கையை அடுத்து ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் எத்தனை ஊரில் யார் கையில் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். வேளாண்மையை அரசுத் தொழிலாக்கி, சாதி பாராமல் ஊராருக்கு நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்துக் கூட்டுப் பண்ணையாக நடத்த வேண்டும் என்று 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' ஆவணத்தில் அம்பேத்கர் கேட்டார். பாபாசாகேப் படத்தை மாட்டிக்கொண்டு காலநிலைக் கருத்தரங்கு நடத்துபவர்கள் அந்தப் பக்கத்தை மட்டும் புரட்டுவதில்லை.

இப்போது மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் காலநிலை மாற்ற இயக்கம் இருக்கிறது. சேலம், நாமக்கல் ஆட்சியர்களிடம் கேட்க வேண்டியவை இவை: வெப்ப எச்சரிக்கை நாளில் நிறுத்தப்படும் வேலைக்கு முழுக் கூலி. பயிர்ச்சேதம் அறிவிக்கும் ஊரில் பட்டா இல்லாத தொழிலாளிக்கும் இழந்த வேலைநாளுக்கு ஈடு. பஞ்சமி நிலத்தின் சர்வே எண்களும் இன்று அதை வைத்திருப்பவர் பெயரும் அடங்கிய பட்டியல், ஊராட்சி அலுவலகச் சுவரில்.