அலை யாருக்குச் சொந்தம்?

கடல் நீர் எவருடைய சொத்தும் அல்ல. வெயிலும் அப்படித்தான். ஆனால் அந்த நீரை அந்த வெயிலில் காயவைத்து ஒரு பிடி உப்பெடுத்தால் குற்றம் என்றது வெள்ளையனின் சட்டம்! 1882ஆம் ஆண்டு உப்புச் சட்டம், உப்பெடுக்கும் உரிமையைச் சர்க்காரின் கைக்குள் வைத்தது. அதை எதிர்த்து 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்த தொண்டர்கள் தடியடி பட்டார்கள், சிறை புகுந்தார்கள். 1931 மார்ச்சில் காந்தி-இர்வின் ஒப்பந்தம் வந்தது. கரையோரக் கிராம மக்கள் தங்கள் தேவைக்கு உப்பெடுக்கலாம், தங்கள் கிராமத்துக்குள் விற்றுக்கொள்ளலாம் என்ற சிறு சலுகை அதில் கிடைத்தது. உப்பு வரி அடியோடு ஒழிந்தது 1947இல்தான்.

இந்தப் பழைய கதையை மரக்காணத்து உப்பளத் தோழர்களுக்கு நாம் நினைவூட்டக் காரணம் உண்டு. இன்று இன்னொரு அலையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. கடலில் எழும் அலையல்ல. காற்றிலே செல்லும் வானொலி அலை. நமது அரசியல் சட்டத்தின் மத்தியப் பட்டியலைப் புரட்டிப் பாருங்கள். 31ஆம் இனம்: தபால், தந்தி, தொலைபேசி, கம்பியில்லாத் தொடர்பு. 58ஆம் இனம்: உப்பு. இரண்டுமே டெல்லியின் அதிகாரத்துக்குள்! உப்பிலே பிறந்து உப்பிலே உழைக்கும் மரக்காணத்துக்கு இந்த இரண்டாம் பூட்டைப் புரிந்துகொள்வது கடினமா?

உப்பளத் தொழிலாளிக்கு இணையம் எதற்கு என்று சிலர் ஏளனமாகக் கேட்கக்கூடும். அவர்களுக்குச் சொல்கிறோம். அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிய வேண்டுமா? இணையவழி. 2021இல் வந்த இ-ஷ்ரம் அட்டை வேண்டுமா? அதுவும் இணையவழி, கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைச் சொன்னால்தான் கதவு திறக்கும். பிள்ளையின் கல்லூரி விண்ணப்பம், வங்கிக் கணக்கு, புயல் எச்சரிக்கை எல்லாம் அந்தச் சின்னத் திரையில்தான். 2020 நவம்பரில் நிவர் புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயலும் இந்தப் பகுதியைத்தான் புரட்டிப் போட்டது. புயல் எங்கே என்று அறிவது இங்கே பொழுதுபோக்கு அல்ல.

ஐப்பசி பிறந்து மழை இறங்கினால் பாத்தியில் வேலை இல்லை. வேலை இல்லையேல் கூலி இல்லை. அந்த மாதங்களுக்காகத்தான் மாநில சர்க்கார் 2022இல் 5,000 ரூபாய் நிவாரணத்தைத் தொடங்கியது. ஆனால் கைப்பேசிக் கம்பெனி மழைக்காலம் பார்ப்பதுண்டா? ரீசார்ஜ் நாள் தவறினால் இணையம் நின்றுவிடுகிறது. கூலி நிற்கும் மாதத்தில்தான் நிவாரணச் செய்தியும் எச்சரிக்கையும் அதிகம் தேவை. அதே மாதத்தில்தான் தொழிலாளியின் கைப்பேசி ஊமையாகிறது.

ஆகவே நாம் கேட்கிறோம்: தெருவுக்கு விளக்குப் போடும் பேரூராட்சி, குழாயில் தண்ணீர் விடும் பேரூராட்சி, பேருந்து நிலையத்திலும் ரேஷன் கடையிலும் உப்பளச் சாலையிலும் மீனவர் குப்பத்திலும் பொது வைஃபை ஏன் நடத்தக்கூடாது?

“சட்டம் இடம் கொடாது” என்பது முதல் பதில். பொய்! 2005இலேயே மத்திய சர்க்கார் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த சக்திக் கருவிகளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று அறிவித்துவிட்டது. 2018இல் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் பெரும் அளவுக்குக் கதவு திறந்தது. 2020 டிசம்பர் 9 அன்று பி.எம்.-வாணி திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. டீக்கடைக்காரரோ மளிகைக்காரரோ இணைப்பு ஒன்றை வாங்கி, கருவியை மாட்டி, வருவோருக்கு வைஃபை தரலாம். பழைய எஸ்.டி.டி. பூத் போல! இந்தப் ‘பொதுத் தரவு நிலைய’த்துக்கு லைசென்ஸும் இல்லை, பதிவும் இல்லை, கட்டணமும் இல்லை. பெட்டிக்கடைக்கு உள்ள உரிமை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பேரூராட்சிக்கு இல்லையா?

ஆனால் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அலையைப் பரப்பலாம்; அலைக்குத் தீனி போடும் கம்பியை லைசென்ஸ் பெற்ற கம்பெனியிடம்தான் வாங்க வேண்டும். 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்திலிருந்து 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் வரை அந்த அனுமதியைத் தரும் சாவி டெல்லியிடமே. கம்பெனிகளோ வைஃபை நிலையங்களுக்கு வீட்டு இணைப்பைத் தராமல், பன்மடங்கு விலையுள்ள தனி இணைப்பை வாங்கு என்று கட்டாயப்படுத்தின. 2025 ஜூனில்தான் டிராய் ஆணையம் இதற்குக் கடிவாளம் போட்டது. 200 எம்.பி.பி.எஸ். வரையிலான இணைப்புக்கு வீட்டுக் கட்டணத்தைப் போல இரு மடங்குக்கு மேல் வாங்கக்கூடாது என்பது அந்த ஆணை. 1931இன் சலுகையைப் போல இதுவும் சிறு சலுகை. சிறிது என்று ஒதுக்காமல் பயன்படுத்துவோம். போதாது என்று மேலும் கேட்போம்!

கண்ணாடி இழைக் கம்பியைச் சர்க்காரே இழுக்கும் பாரத்நெட் இருக்கிறதே என்று கேட்கலாம். அது கிராம ஊராட்சிகளுக்கான திட்டம். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்க வகுக்கப்பட்டது. மரக்காணமோ பேரூராட்சி! கிராமம் என்றால் திட்டம் உண்டு, பெருநகரம் என்றால் கம்பெனி தேடி வரும். இடையில் நிற்கும் பேரூராட்சிக்கு யார்? அரசியல் சட்டத்தின் 12ஆம் அட்டவணை நகர அமைப்புகளுக்கென 18 பணிகளைச் சொல்கிறது. அதில் இணையம் என்ற சொல் இல்லை. 1992இல் எழுதியவர்கள் அதை எண்ணியிருக்க முடியாது. ஆனால் தெருவிளக்கு, பேருந்து நிறுத்தம் உள்ளிட்ட ‘பொது வசதிகள்’ என்று 17ஆம் இனம் இருக்கிறது. அந்த இரு சொற்களுக்குள் வைஃபையும் அடங்கும் என்று மாநில சர்க்கார் ஓர் ஆணை போட்டால் போதும், செயல் அலுவலரின் தயக்கம் தீரும்.

மக்கள் அமைப்பு இந்தத் தொழிலில் இறங்கினால் முட்டுக்கட்டை வரும் என்பதும் நமக்குத் தெரியும். 2007இல் தொடங்கிய அரசு கேபிள் நிறுவனம் பட்ட பாடு மறந்துவிடுமா? மாநில சர்க்காரும் உள்ளாட்சியும் கேபிள் தொழிலுக்கே வரக்கூடாது என்று 2012இல் டிராய் பரிந்துரைத்தது. டிஜிட்டல் உரிமம் கைக்கு வந்தது 2017இல்! அமெரிக்காவிலும் இதே கதைதான். பிலடெல்பியா நகரம் ஊருக்கெல்லாம் வைஃபை என்று திட்டமிட்டதும், அந்த மாநிலம் 2004இல் உள்ளூர் தொலைபேசிக் கம்பெனிக்கு முதல் உரிமை தரும் சட்டம் செய்தது. நகராட்சிகள் தொலைத்தொடர்பில் இறங்குவதை மாநிலம் தடுக்கலாம் என்று அதே ஆண்டு மிசௌரி வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் பக்கத்திலே பாருங்கள்: கேரளம் தன் கே-ஃபோன் நிறுவனத்துக்கு 2022இல் உரிமம் வாங்கியது, 2023 ஜூன் 5 அன்று திறந்தும் வைத்தது. உறுதியிருந்தால் வழி உண்டு.

“இலவசம் நிலைக்காது” என்பது இரண்டாம் பதில். இதில் பாதி உண்மை உண்டு, ஒப்புக்கொள்கிறோம். ரயில் நிலையங்களில் 2016இல் வைஃபை கொண்டு வந்த கூகுள் கம்பெனி 400 நிலையங்களை எட்டிய பின், 2020இல் அந்தத் திட்டத்தை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. பிலடெல்பியாவில் ஒப்பந்தம் எடுத்த கம்பெனியும் 2008இல் கைகழுவியது. லாபக் கணக்கு பொய்த்தால் முதலாளி மூட்டை கட்டுவான். 2017இல் சென்னை உழைப்பாளர் சிலை அருகிலும் பெருநகரப் பேருந்து நிலையங்களிலும் மாநில சர்க்கார் தொடங்கிய வைஃபை, உப்பளம் வரை நடந்து வரவில்லை. திறப்பு விழாவுக்குப் பணம் இருக்கும், பராமரிப்புக்கு இருக்காது! உப்புக் காற்று இரும்பையே அரிக்கும் ஊர் இது. கம்பத்தில் மாட்டிய கருவியை விட்டுவைக்குமா? தெருவிளக்குக்கு ஒதுக்குவது போல ஆண்டுதோறும் பட்ஜெட்டில் ஒரு தொகையும், பழுது பார்க்க உள்ளூர் இளைஞர் ஒருவருக்குச் சம்பளமும் வேண்டும். அது இல்லாத வைஃபை வெறும் விளம்பரப் பலகை.

மூன்றாம் பதில் பாதுகாப்பு. 2008 குண்டுவெடிப்புகளின்போது பூட்டில்லாத வைஃபை வழியாக மிரட்டல் கடிதம் போனது. 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது. யார் பயன்படுத்துகிறார் என்று கைப்பேசி எண் கொண்டு உறுதி செய்ய வேண்டும், பதிவு வைக்க வேண்டும். குற்றவாளியைப் பிடிக்க வேண்டியதுதான்; மறுக்கவில்லை. ஆனால் எந்தத் தொழிலாளி எந்த மாலையில் எந்தச் சங்கச் செய்தியைப் படித்தான் என்ற கணக்கு யார் கையில் இருக்கும்? குத்தகைக் கம்பெனி கையிலா? முதலாளி கேட்டால் கிடைக்குமா? 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் போராடிய மக்கள் மீது சுட்டார்கள். 13 உயிர்கள் போயின. மறுநாள் மூன்று மாவட்டங்களில் இணையத்தையே அணைத்தார்கள்! இணையவழிப் பேச்சும் தொழிலும் அரசியல் சட்டத்தின் பாதுகாப்புக்கு உரியவை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் சொன்னது. அந்தத் தீர்ப்பு நம் ஊர்க் கம்பத்துக்கும் பொருந்த வேண்டும்.

ஆகவே நம் கோரிக்கைகள் நான்கு. ஒன்று, பொது வைஃபை உள்ளாட்சியின் பணி என்று மாநில சர்க்கார் ஆணையிட வேண்டும். இரண்டு, சர்க்கார் கண்ணாடி இழைக் கம்பியைப் பேரூராட்சிகளுக்கும் நீட்ட வேண்டும். மூன்று, நிறுவும் செலவோடு ஆண்டுப் பராமரிப்புச் செலவையும் ஒதுக்க வேண்டும். நான்கு, சட்டம் கேட்கும் பதிவுக்கு மேல் ஓர் எழுத்துக்கூடச் சேர்க்கவோ, வணிகத்துக்கு விற்கவோ கூடாது என்று மன்றம் தீர்மானம் போட வேண்டும்.

தோழர்களே! உங்கள் வார்டு உறுப்பினரைக் கண்டு பேசுங்கள். அடுத்த மன்றக் கூட்டத்துக்கு முன் மனுவில் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்து வராதவரிடம் கைநாட்டு வாங்குங்கள். உப்பை மீட்க நம் முன்னோர் வேதாரண்யத்துக்கு நடந்தார்கள். நாம் பேரூராட்சி அலுவலகம் வரை நடந்தால் போதும்.