கட்டிலும் கிட்டாரும்

சென்ற மாதம் பெங்களூரிலிருந்து மகள் வயிற்றுப் பேரன் நாலு நாள் லீவில் வந்திருந்தான். வந்த அன்றே உள்ளறைக் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மடிக்கணினியைத் திறந்து, "அப்புச்சி, நீங்க ஃபிசிக்ஸ் வாத்தியார்தானே, இதக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றான். ஏதோ வேலைக்கான விண்ணப்பம் என்று நினைத்துக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்தால், அத்தனையும் மரங்களின் பெயர்கள்.

எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றைத் தனக்கென்று அளவு சொல்லிச் செய்யப்போகிறானாம். கடையில் தொங்குவது வேண்டாமாம். உடல் பகுதிக்கு ஆப்பிரிக்க மகோகனி. அதன்மேல் அழகுக்கு ஒட்டுகிற பலகை கொக்கோபோலோ. அது மத்திய அமெரிக்காவிலிருந்து வரவேண்டும். கழுத்துக்கு வெங்கே, அது காங்கோ பக்கத்து மரம். விரல் வைத்து வாசிக்கிற பலகைக்கு மட்டும் மூன்று மரங்களை எழுதி, எதை எடுப்பது என்று முடிவு செய்யாமல் கேள்விக்குறி போட்டிருந்தான். மரத்துக்கு மட்டும் அவன் போட்டிருந்த கணக்கு என்னுடைய இரண்டு மாத பென்ஷன். பட்டியலின் தலைப்பு "எக்ஸாட்டிக் வுட்ஸ்".

அந்த மூன்று பெயர்களில் ஒன்றைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்தியன் ரோஸ்வுட்" என்று எழுதி, பக்கத்தில் ஓர் அமெரிக்கக் கடையின் டாலர் விலையும் போட்டிருந்தான். "அது என்ன மரம்னு தெரியுமா?" என்று கேட்டேன். தெரியாது என்றான். "நீ உட்கார்ந்திருக்கியே, அதுதான்" என்றேன்.

ஈட்டி மரம். தோதகத்தி என்றும் சொல்வார்கள். என் அப்பா ஆனைமலைப் பக்கம் வனத்துறை டிப்போவில் குமாஸ்தாவாக இருந்தபோது ஏலத்தில் எடுத்துச் செய்த கட்டில் அது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் கிட்டார்.

நாற்பது ஆண்டுகளாகப் பத்தாம் வகுப்புக்கு மின்காந்தத் தூண்டல் நடத்தியவன் நான். எலெக்ட்ரிக் கிட்டார் என்பது ஃபாரடேயின் பாடம்தான், வேறொன்றுமில்லை. காந்தத்தைச் சுற்றி மெல்லிய தாமிரக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். அதற்குப் பிக்கப் என்று பெயர். அதன்மேல் இரும்புத் தந்தி அதிர்ந்தால் காந்தப் புலம் மாறும். சுருளில் மின்சாரம் பிறக்கும். அது பெருக்கிக்குப் போய்ச் சத்தமாகும். பிக்கப்புக்கு மரம் தெரியாது, தந்திதான் தெரியும். நம் தஞ்சாவூர் வீணையில் பலாமரக் குடம் அதிர்ந்து காற்றைத் தள்ளுகிறது. அங்கே மரம்தான் குரல். கெட்டி உடம்பு கொண்ட எலெக்ட்ரிக் கிட்டாரில் மரத்தின் முதல் வேலை, தந்தி இழுக்கிற இழுப்பைத் தாங்கிக்கொண்டு அசையாமல் நிற்பது. ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறக்குறைய 45 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கும். ஒரு பள்ளிக்கூடத்துப் பையனைக் கழுத்தில் தொங்கவிட்ட மாதிரி. அதனால்தான் கழுத்துக்குள்ளே ஓர் எஃகுக் கம்பியை ஓட விடுகிறார்கள்.

மரத்தால் ஓசையில் வித்தியாசமே வராது என்று சொல்லமாட்டேன். தந்தியின் இரு முனைகளும் மரத்தோடு பிணைந்தவை. அதிர்வு கொஞ்சம் அங்கே போகத்தான் செய்யும். ஆனால் பிக்கப் எந்த இடத்தில் இருக்கிறது, தந்திக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, எந்தப் பெருக்கி, எந்த ஸ்பீக்கர் என்பதெல்லாம் செய்கிற மாற்றத்துக்கு முன்னால் அது கால் தூசு. பேரனே யூடியூபில் ஒரு படம் காட்டினான். ஓர் அமெரிக்கர் கிட்டாரே இல்லாமல் வெறும் தந்தியை இழுத்துக் கட்டிப் பிக்கப்பை வைத்து வாசிக்கிறார். எனக்குக் கிட்டார் சத்தம்தான் கேட்டது. "உனக்கு?" என்றேன். பதில் சொல்லாமல் அடுத்த படத்துக்குப் போய்விட்டான்.

சரித்திரத்தைப் பார்த்தாலும் இதே கதைதான். 1932-ல் விற்பனைக்கு வந்த ரிக்கன்பேக்கர் எலெக்ட்ரிக் கிட்டாரின் உடம்பு அலுமினியம். வாணலி மாதிரி இருந்ததால் அதற்கு அந்தப் பெயரே வைத்துவிட்டார்கள். லெஸ் பால் 1940 வாக்கில் செய்து பார்த்தது நாலங்குலத்துக்கு நாலங்குலப் பைன் மரத்துண்டு. பார்க்கிறவர்களுக்குக் கிட்டாராகத் தெரியவேண்டும் என்பதற்காகப் பழைய கிட்டார் ஒன்றின் இரு பக்கங்களை அறுத்து இரண்டு புறமும் ஒட்டினார். லியோ ஃபெண்டர் 1950-களில் டெலிகாஸ்டரும் ஸ்ட்ராட்டோகாஸ்டரும் செய்தபோது எடுத்தது ஆஷ், ஆல்டர் மரங்கள். அவர் ஊரில் மலிவாக, தாராளமாகக் கிடைத்தவை அவை. இன்று அந்த மரங்களுக்கும் ஒரு மந்திரக் குரல் இருப்பதாகப் பேசுகிறார்கள். அவர் நம் ஊரில் பிறந்திருந்தால் பலாவிலோ வேம்பிலோ செய்திருப்பார். உலகமே இன்றைக்குப் பலாவின் குரலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்.

இனி அந்த "எக்ஸாட்டிக்" என்ற சொல். யாருக்கு எது எக்ஸாட்டிக்? நமக்கு மேப்பிள் அதிசயம். கனடாக்காரனுக்கு அது கொல்லைப்புற மரம். நம் ஈட்டி அவர்களுக்கு அதிசயம். மகோகனி ஹோண்டுராஸ் பக்கத்து மரம். இன்று பொள்ளாச்சியைச் சுற்றித் தென்னந்தோப்பு வரப்புகளில் நட்டிருக்கிறார்கள். பக்கத்துத் தோட்டத்தில் நிற்கிற மரத்தின் உறவுக்காரனை ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வரவழைப்பானேன்?

அந்தக் கப்பல் பயணத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. பிரேசில் நாட்டு ரோஸ்வுட்டைத்தான் கிட்டார்க்காரர்கள் முதலில் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். காடு தீர்ந்துவந்தது. 1960-களின் கடைசியில் பிரேசில் கட்டையாக ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தியதும் அமெரிக்கக் கம்பெனிகள் திரும்பிப் பார்த்தது நம் மேற்குத் தொடர்ச்சி மலையை. மார்ட்டின் கம்பெனி 1969 வாக்கில் இந்திய ஈட்டிக்கு மாறியது. அப்பா டிப்போவில் கட்டைகளுக்கு எண் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அவர் எண் போட்ட ஈட்டியில் ஏதாவது ஒன்று கடல் தாண்டிப்போய் யாரோ ஒரு வெள்ளைக்காரப் பையனின் மடியில் ஒலித்திருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது. அப்பாவுக்குக் கிட்டார் என்றால் எம்.எஸ்.வி. பாட்டில் வருகிற ஏதோ ஒரு கம்பி வாத்தியம், அவ்வளவுதான்.

பிரேசில் ரோஸ்வுட் வியாபாரத்தை 1992-ல் சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தம் அநேகமாக நிறுத்தியே விட்டது. 2017 ஜனவரியிலிருந்து நம் ஈட்டி உட்பட அந்தக் குடும்பம் முழுவதும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வந்தது. முழுதாகச் செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019-ல் விலக்குக் கொடுத்தார்கள். கட்டைக்கும் பலகைக்கும் இல்லை. நம் மாநிலத்தில் ஈட்டி மரத்தைக் காப்பாற்றவென்றே 1994-ல் தனியாக ஒரு சட்டம் போட்டார்கள். சொந்தப் பட்டா நிலத்தில் நின்றாலும் கேட்காமல் வெட்ட முடியாது என்ற நிலை வந்தது. மெதுவாக வளர்கிற மரம். சட்டம் போடுவதற்குள் பாதி போய்விட்டிருந்தது.

கருங்காலிக் கதை இன்னும் மோசம். இப்போது நம் ஊரில் யாரைப் பார்த்தாலும் கழுத்தில் கருங்காலி மாலை. எனக்குத் தெரிந்து கருங்காலி என்றால் வேலைநிறுத்தத்தில் காலை வாரியவனைத் திட்டுகிற சொல்! கிட்டார் உலகத்தில் அது விரல் பலகைக்கு ராஜா. அதுவும் மைபோல் ஒரே கறுப்பாக இருந்தால்தான் மதிப்பு. உள்ளே கறுப்பா, சாம்பல் கோடு ஓடியதா என்பது வெட்டிய பிறகுதான் தெரியும். 2011-ல் காமெரூனில் ஒரு கருங்காலி அறுவை ஆலையைக் கூட்டாக வாங்கிய கிட்டார் கம்பெனி முதலாளி பாப் டெய்லர் அங்கே போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னது இது: பத்து மரம் வெட்டினால் ஒன்றுதான் முழுக் கறுப்பு, மீதியைக் காட்டிலேயே போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். கோடு விழுந்த மரத்தையும் இனி எடுப்போம், வாங்குகிறவர்கள் பழகிக்கொள்ளட்டும் என்று அவர் முடிவு செய்தார். ஓசைக்கும் அந்தக் கோட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வெறும் கண்ணுக்காக ஒன்பது மரங்கள்.

அதே 2011-ல் கிப்ஸன் கம்பெனியின் ஆலைகளில் அமெரிக்க அரசு அதிகாரிகள் சோதனை போட்டார்கள். அப்போது எடுத்துக்கொண்டு போனது இந்தியாவிலிருந்து வந்த ஈட்டியும் கருங்காலியும். வேலை முடிந்த பாகமாக இல்லாமல் அறுத்த பலகையாக வந்தது என்பதுதான் சிக்கல். இரண்டு ஆண்டுக்கு முன் மடகாஸ்கர் கருங்காலிக்காகவும் ஒரு சோதனை நடந்திருந்தது. 2012-ல் 3 லட்சம் டாலர் கட்டி விஷயத்தை முடித்துக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி. பெங்களூரில் வாடகை வீட்டில் இருக்கிற பையன், எவனோ இணையத்தில் விற்கிற பலகை எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பான்?

இதையெல்லாம் சொன்னதும் பேரன் முகம் வாடிவிட்டது. "அப்போ நான் செய்யவே வேண்டாங்கறீங்களா, அப்புச்சி?" என்றான்.

அப்படி நான் சொல்லவில்லை. கையால் ஒன்றைச் செய்து பார்க்கவேண்டும் என்கிற ஆசை இந்தத் தலைமுறையில் வருவதே அபூர்வம். அதற்கு மரம் தேடிக் கண்டம் தாண்டவேண்டாம் என்பதுதான் என் கட்சி. குவீன் குழுவின் பிரையன் மே கதையைப் பிறகு அவனே தேடிப் படித்தான். 1963-ல் பதினாறு வயதுப் பையனாக இருந்தபோது கடைக் கிட்டார் வாங்கப் பணம் இல்லாமல், அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே செய்ய ஆரம்பித்தார். கழுத்துக்கு மகோகனி, அது பழைய கணப்படுப்பின் மேல்சட்டம். பூச்சி அரித்த ஓட்டைகளைத் தீக்குச்சி வைத்து அடைத்திருக்கிறார்கள். உடம்புக்குப் பழைய ஓக் மேசைப் பலகை. ஸ்பிரிங் பழைய மோட்டார் சைக்கிளிலிருந்து. 2002-ல் ராணியின் பொன்விழாவுக்குப் பக்கிங்ஹாம் அரண்மனைக் கூரைமேல் நின்று அவர் வாசித்தது அந்தக் கிட்டாரைத்தான்.

பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து பட்டியலைத் திருத்தினோம். உடம்புக்கு நம் பக்கத்துத் தோட்டத்து மகோகனி அல்லது பழைய பலா. எடையைப் பார்த்து எடுக்கவேண்டும். மூன்று மணி நேரம் தோளில் தொங்கப்போகிற பொருள். கொக்கோபோலோ ரத்து. அதன் தூள் பட்டாலே சிலருக்குத் தோல் தடித்துப்போகும். எனக்கு ஆஸ்துமா வேறு. மரத்தில் மிச்சமாகும் பணம் நல்ல பிக்கப்புக்கும், ஃப்ரெட் வேலைக்கும். வீணையில் மெட்டு என்போமே, அதுதான் ஃப்ரெட். ஒன்று அரை மில்லிமீட்டர் தப்பினால் உலகத்திலேயே விலை உயர்ந்த மரமும் அபஸ்வரம்தான் பேசும். அதை அவன் கையால் செய்யவேண்டாம், கற்றவரிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

விரல் பலகைக்கு மட்டும் கெட்டியான, எண்ணெய்ப் பசை உள்ள மரம் வேண்டும் என்று அவன் சொன்னது நியாயம்தான். விரலும் தந்தியும் நாள் முழுக்கத் தேய்க்கிற இடம். தேவை 20 அங்குல நீளம், இரண்டே முக்கால் அங்குல அகலம், கால் அங்குலக் கனம். இவ்வளவுதான். நான் ஒன்றும் பேசாமல் கட்டிலைப் பார்த்தேன். அவனும் பார்த்தான். கேட்கவில்லை. அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

கட்டிலின் ஒரு பக்கச் சட்டம் காலோடு சேருகிற இடத்தில் விரிசல் விட்டுப் பல வருஷம் ஆகிறது. ஆப்பு வைத்துச் சமாளித்துக்கொண்டிருக்கிறோம். அம்மா கடைசி எட்டு மாதம் படுத்துக் கிடந்தது அதில்தான். 1996-ல் போனதும் அதில்தான். "ஏனுங்க, அத்தை கட்டிலையா அறுக்கப்போறீங்க?" என்று என் மனைவி கேட்டாள். இரண்டு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. மலையில் ஒரு மரத்தை வெட்டாதே என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, வெட்டி அறுபது வருஷம் ஆன மரத்தை ஆப்பு வைத்துப் பூட்டி வைத்திருப்பதும் சரியாகப் படவில்லை. அதே சமயம், அம்மா பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்த சட்டம் அது. இதற்கு ஃபிசிக்ஸில் பதில் இல்லை.

மூன்றாம் நாள் ஆசாரியைக் கூப்பிட்டேன். பிடித்து எழுந்த பக்கத்தைத் தொடவேண்டாம், விரிசல் விட்ட பக்கத்துச் சட்டத்தை மட்டும் கழற்றி, அந்த இடத்தில் தேக்குச் சட்டம் போட்டுக்கொடுங்கள் என்றேன். அவர் சட்டத்தைப் பட்டறையில் வைத்து இழைப்புளியால் நாலு இழுப்பு இழுத்தார். மேலே படிந்திருந்த கறுப்பு அழுக்கு சுருள் சுருளாகப் போய், உள்ளே ஊதாவும் பழுப்பும் கலந்த நிறம் பளிச்சென்று வந்தது. மெல்ல ஒரு வாசனை. "வாத்தியாருங்களே, இது இன்னும் நூறு வருஷம் தாங்குமுங்க" என்றார். பேரன் சுருளில் ஒன்றை எடுத்து மோந்து பார்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அதில் நாலு கிட்டாருக்குப் பலகை வரும். ஒன்றை அவனுக்குக் கொடுத்துவிட்டு மீதியை அலமாரிமேல் துணி சுற்றி வைத்திருக்கிறேன்.

உடுமலையில் இருக்கிற என் தங்கைக்கு இன்னும் சொல்லவில்லை. நான் எழுதுவதை விடாமல் படிக்கிறவள் அவள். அம்மிணி, கோபப்படாமல் ஒரு போன் பண்ணு.