"பால் பத்தலையோ?"

1/ குழந்தை அழுதா, பார்க்க வர்றவங்க எல்லாருமே டாக்டர் ஆயிடுறாங்க. "கண்ணு பட்டிருக்கு", "உரம் விழுந்திருக்கு", "நீ ஆகாதது ஏதோ சாப்பிட்டிருப்ப". இதையெல்லாம் சிரிச்சுட்டே கடந்துடுங்க. ஒண்ணை மட்டும் மனசுக்குள்ள விடாதீங்க: "பால் பத்தலையோ?"

2/ இதைக் கேட்டுப் பயந்துபோய் புட்டிப்பாலுக்கு மாறுற தாய்மார்கள் நிறைய. புட்டி வந்தா குழந்தை மார்புல சப்புறது குறையும். சப்புறது குறைஞ்சா சுரப்பும் குறையும். கடைசியில சொன்னவங்க வாக்கு பலிச்சுடும்!

3/ உண்மை என்ன? பிறந்து 2 வாரத்துல அழுகை கூட ஆரம்பிக்கும். 6 வாரம் வாக்கில் உச்சம். 3-4 மாதத்தில் பெரும்பாலும் அடங்கிடும். சாயங்காலம்தான் அதிகம். வயிறு நிறையக் குடிச்ச குழந்தையும் இப்படி அழும்.

4/ அதனால அழுகையை வச்சுப் பாலை அளக்காதீங்க. நனைஞ்ச துணியை எண்ணுங்க. முதல் வாரத்துக்கு அப்புறம் நாளைக்கு 6 தடவையாவது சிறுநீர் போகுது, எடையும் சீரா ஏறுதுன்னா பால் போதுது.

5/ காய்ச்சல், பால் குடிக்காம இருக்கிறது, பச்சை நிற வாந்தி, துவண்டு போறது, எதுக்கும் அடங்காத அழுகை: இதுல எது இருந்தாலும் உடனே மருத்துவமனை. உரம் எடுக்கத் தூக்கிட்டுப் போகாதீங்க.

6/ அப்பாக்களே, பதில் சொல்ல வேண்டியது நீங்க. "எடை நல்லா ஏறுது அத்தை, டாக்டர் பார்த்துட்டாங்க." அவ்வளவு போதும். ராத்திரியெல்லாம் முழிச்சவளை வாதாட வைக்காதீங்க. குழந்தையை வாங்கிக்கிட்டு, அவங்களைக் கொஞ்சம் தூங்க விடுங்க.