ஹீரோ இல்லாத பட்டாளம்

2020 ஊரடங்கு சமயத்துல பர்கூர்ல வீட்டு மாடியில உட்கார்ந்துகிட்டு நான் செஞ்ச ஒரே உருப்படியான காரியம், பூமியைக் காப்பாத்தினது. மூணு தடவை முயற்சி பண்ணினேன். ரெண்டு தடவை பூமி அழிஞ்சு போச்சு :-)

எக்ஸ்-காம்னு ஒரு கணினி விளையாட்டு. கோலப் சகோதரர்கள்னு ரெண்டு இங்கிலாந்துக்காரங்க உருவாக்கி 1994ல வந்தது. 2012ல ஃபிராக்ஸிஸ் நிறுவனம் அதைப் புதுசா செஞ்சு வெளியிட்டாங்க. நான் ஆடினது பழசு. கிராபிக்ஸைப் பார்த்தா இன்னைக்குப் பசங்க சிரிப்பாங்க. என்னைக் கட்டிப்போட்டது அதுக்குப் பின்னால எழுதி வெச்சிருக்கிற பொய் வரலாறு.

கதை இதுதான். பறக்கும் தட்டுகள் வர ஆரம்பிச்சதும் 1998ல ஜப்பான் தனியா ஒரு படை அமைக்குது, பேர் கிர்யூ-காய். சொந்தப் போர் விமானம், கை நிறையப் பணம், எல்லாம் இருந்தும் அஞ்சு மாசத்துல ஒரு தட்டைக்கூட மறிக்க முடியல. டிசம்பர் 11ந் தேதி ஜெனீவாவுல நாடுகள் ஒண்ணு கூடி எக்ஸ்-காமை ஆரம்பிக்கிறாங்க. 1999 ஜனவரி 1 அன்னைக்குப் பொறுப்பு நம்ம கைக்கு வருது: எட்டு வீரர்கள், பத்து விஞ்ஞானிகள், பத்து இன்ஜினியர்கள். 16 நாடுகள் மாசாமாசம் பணம் தரும். அதுல இந்தியாவும் உண்டு.

இங்கேதான் விஷயமே. மாசக் கடைசியில கணக்கு வரும். எந்த நாட்டுக்குத் திருப்தி, எந்த நாடு காசைக் குறைக்குது, எது வேற்றுக்கிரகத்தான் கூடவே ரகசிய ஒப்பந்தம் போட்டுக் கழண்டுகிச்சுன்னு ஒரு பட்டியல். அதைப் பார்க்கும்போதெல்லாம் எங்கப்பா ஜவுளிக்கடையில ராத்திரி நோட்டைத் திறந்து வெச்சுகிட்டு உட்கார்ந்திருக்கிற முகம்தான் ஞாபகம் வரும். காசு பத்தலைன்னா என்ன செய்வீங்க? செத்த வேற்றுக்கிரகத்தான் உடம்பை விக்கலாம். இல்லைன்னா அந்த இன்ஜினியர்களை விட்டு லேசர் பீரங்கி செஞ்சு சந்தையில விக்கலாம். உலகத்தைக் காப்பாத்தற இடத்துலயும் நம்ம ஆளுங்களுக்கு வேலை, மாச டார்கெட்டை முடிச்சுக் குடுக்கறதுதான் (அலுவலக நண்பர்கள் யாராவது படிச்சா மன்னிச்சுக்குங்க).

வீரர்களுக்கு என் ஹாஸ்டல் பசங்க பேரை வெச்சேன். மூணாவது மாசம் என் ரூம்மேட் போயிட்டான். பயமுறுத்தற இசை கிடையாது, ஸ்லோமோஷன் கிடையாது. பட்டியல்ல ஒரு பேர் குறையும், அடுத்த நாள் புது ஆள் எடுக்கணும், அவ்வளவுதான். உண்மையிலேயே கொஞ்ச நேரம் லேப்டாப்பை மூடி வெச்சேன். அப்போதான் உறைச்சது, இந்தக் கதையில ஹீரோன்னு யாரும் இல்ல. யார் செத்தாலும் அமைப்பு நிக்கும்.

வெள்ளைக்காரனுக்கு இது பழக்கம். 1970ல 'யூஎஃப்ஓ'ன்னு ஒரு தொலைக்காட்சித் தொடர். அதுல சினிமா ஸ்டுடியோவுக்கு அடியில ஷேடோங்கற ரகசியப் படை ஒளிஞ்சிருக்கும். 'டாக்டர் ஹூ'வுல 1968லேயே யூனிட்ங்கற பட்டாளம் வந்தாச்சு.

நம்ம பக்கம் பாருங்க. 1963லேயே 'கலை அரசி'யில பறக்கும் தட்டு வந்தாச்சு. அந்தக் கிரகத்துல விஞ்ஞானம் உண்டு, சங்கீதம் இல்லையாம். அதனால நம்பியார் வந்து பானுமதியைத் தூக்கிட்டுப் போறார் (சங்கீதத்துக்காக ஒரு படையெடுப்பு! இந்தக் கற்பனைக்காகவே நான் அந்தப் படத்துக்கு ரசிகன்). மீட்டுகிட்டு வர எம்.ஜி.ஆர். போறார். 2024ல 'அயலான்'. ரவிக்குமார் அக்கறையோடதான் எடுத்திருந்தார். அதுலயும் வேற்றுக்கிரகத்தான் வந்து சேர்றது ஒரு தனி மனுஷன்கிட்ட, சிவகார்த்திகேயன்கிட்ட. அறுபது வருஷத்துல வில்லன் நண்பனாயிட்டான். தாசில்தார் ஆபீஸுக்கு மட்டும் இன்னும் தகவல் போகல. சுஜாதா 'என் இனிய இயந்திரா'வுல ஒரு அரசாங்கத்தையே கற்பனை பண்ணினார். ஆனா அது கவிழ்க்க வேண்டிய அரசாங்கம்.

இதை ஒரு நண்பன்கிட்ட சொன்னப்போ, "நமக்கு ஆபீஸ் மேல நம்பிக்கை கிடையாதுடா, அதான் கதையிலயும் வரல"ன்னான். பாதி நிஜம். சாதிச் சான்றிதழுக்கு எத்தனை நாள் நடந்தோம்னு எனக்கும் தெரியும். ஆனா நான் மாடியில பூமியைக் காப்பாத்திகிட்டிருந்த அதே நாட்கள்ல கீழே என்ன நடந்தது? ஏப்ரல் கடைசியில மத்திய அரசு வெளியிட்ட மண்டலப் பட்டியல்ல தமிழ்நாடு முழுக்கச் சிவப்பும் ஆரஞ்சும். ஒரே ஒரு மாவட்டம் பச்சை, எங்க கிருஷ்ணகிரி. அச்சு அசல் எக்ஸ்-காம் வரைபடம் மாதிரியே இருந்தது. கொஞ்ச நாள்ல அந்தப் பச்சையும் போச்சு, அது வேற விஷயம். ஓசூர் தாண்டி ஜூஜூவாடி சோதனைச் சாவடியில வெயில்ல நின்னு இ-பாஸ் பார்த்தவங்க, கையில ஒரு நோட்டோட தெருத் தெருவா வந்து "காய்ச்சல் இருக்கா, வெளியூர்லேர்ந்து யாராவது வந்தாங்களா"ன்னு கேட்டுட்டுப் போன நர்ஸ் அக்கா, குப்பை அள்ள வந்தவங்க. கண்ணுக்குத் தெரியாத எதிரி, பத்தாத காசு, பட்டியல்ல குறையற பேர்கள். அதுலயும் ஹீரோ யாரும் இல்ல. அது நடந்து இத்தனை வருஷம் ஆகியும் அந்த ஆளுங்களை வெச்சு ஒரு விண்வெளிக் கதை நம்மகிட்ட இல்லைங்கறதுதான் என் ஆதங்கம்.

"அறிவியல் கதை எழுத நாசாவுல வேலை பார்த்திருக்கணும்"னு தயவுசெஞ்சு பின்னூட்டம் போடாதீங்க. கோலப் சகோதரர்கள் எழுதினதுல ராக்கெட் கொஞ்சம், வரவு செலவுதான் ஜாஸ்தி. வரவு செலவு நமக்குத் தெரியாதா என்ன?

நானே ஆரம்பிச்சுட்டேன். ரெண்டு பக்கம் ஆயிருக்கு. பர்கூர் பக்கத்துல ஒரு கிரானைட் குவாரியில தட்டு இறங்கியாச்சு. துப்பாக்கிச் சண்டை எதுவும் இதுவரைக்கும் வரல. ஜெனரேட்டருக்கு டீசல் கேட்டு கிருஷ்ணகிரிக்குப் போன கோப்பு இன்னும் திரும்பல.