எத்தனை பேர் உட்கார்ந்தால் வீடு ஜெபக்கூடமாகும்?

எங்கள் வீட்டுக்குள் பத்துப் பதினைந்து பேர் பாய் விரித்து உட்கார்ந்து கண்ணை மூடினால் ஊரின் அமைதி கெட்டுப்போகுமாம். அதிகாரிகள் அப்படித்தான் சொன்னார்கள். "இனிமேல் என் வீட்டில் ஜெபம் நடத்த மாட்டேன்" என்று என் கையாலேயே எழுதவைத்தார்கள். கீழே கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, "போம்மா, பிரச்சினை முடிஞ்சிடுச்சு" என்று அனுப்பிவைத்தார்கள். யாருக்கு முடிந்தது?

பிள்ளைகள் படிக்க வேண்டும், அதே தெருவில்தான் காலம் தள்ள வேண்டும், தண்ணிக் குழாயடியில் அதே முகங்களைத்தான் பார்க்க வேண்டும் என்று இதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனிமேல் முடியவில்லை. எந்த அலுவலகம், எந்த அதிகாரி என்று பேர் சொல்லி யாரையும் சந்தியில் நிறுத்த நான் எழுதவில்லை. என் வீட்டு வாசலில் என்ன நடந்தது என்று நாலு பேருக்குத் தெரியட்டும், அவ்வளவுதான்.

விருத்தாசலத்தில் பீங்கான் வேலை பார்த்துப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. நெய்வேலிப் பக்கத்து வெள்ளைக் களிமண்ணை நம்பி இங்கே தொழில் வந்தது, தொழிலை நம்பி நாங்கள் வந்தோம். இன்சுலேட்டர், ஃபியூஸ் கேரியர், கப்பு, அகல் விளக்கு, பொம்மை என்று என்னென்னவோ போகும் இங்கேயிருந்து. என் வீட்டுக்காரருக்கு மண்ணும் கல்லும் அரைக்கிற பக்கம் வேலை. எனக்குப் பொம்மைப் பக்கம். பிளாஸ்டர் அச்சில் களிமண் கூழை ஊற்றி, ஓரம் பிடித்ததும் மிச்சத்தை வடித்துவிட்டு, அச்சைப் பிரித்தால் பச்சைப் பிள்ளையார் வெளியே வருவார். தும்பிக்கை வளைவில்தான் பிசிறு நிற்கும். அதைக் கத்தி நுனியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் தும்பிக்கை கையோடு வந்துவிடும், முதலாளியிடம் திட்டும் வந்துவிடும். கொலுவுக்கு முன்னால் பிள்ளையார், கார்த்திகைக்கு அகல், டிசம்பருக்கு மாட்டுத்தொழுவத்துக் குழந்தை இயேசு. எல்லாம் ஒரே மண், ஒரே கூழ், ஒரே சூளை.

நான் சீவி எடுத்த பிள்ளையார் எத்தனையோ வீட்டுக் கொலுப்படியில் உட்கார்ந்திருக்கிறார். அந்த வீடுகளில் ஒன்பது நாளும் பெண்கள் வருகிறார்கள், பாடுகிறார்கள், சுண்டல் வாங்கிக்கொண்டு போகிறார்கள். கார்த்திகை பிறந்தால் மாலை போட்டவர் வீட்டில் விடிய விடிய பஜனை, சரண கோஷம். புது வீடு கட்டினால் கணபதி ஹோமம். பாய் வீட்டில் ஃபாத்திஹா ஓதுகிறார்கள். அந்த மனையெல்லாம் குடியிருப்பு மண்டலமா, வழிபாட்டு மண்டலமா என்று யாராவது ஃபைலைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்களா? போகக் கூடாது. போனால் அந்த வீட்டு வாசலில் நானும் போய் நிற்பேன். ஆனால் எங்கள் வீட்டுக்கு மட்டும் ஏன் வந்தார்கள்?

எங்கள் வீட்டு ஜெபம் எப்படித் தொடங்கியது என்று எழுதி வாங்கிய அந்தப் பேச்சுவார்த்தையில் ஒருவரும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் தூசி தங்கிவிட்டது. முதலில் டி.பி. என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள். மாதக்கணக்காய் விழுங்கியும் இருமல் அடங்கவில்லை. பிறகு ஒரு பெரிய டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, என்ன வேலை பார்த்தாய் என்று கேட்டார். பீங்கான் என்றதும் படத்தைக் கீழே வைத்துவிட்டார். குவார்ட்ஸ் கல் தூசி நுரையீரலில் ஏறி, சிலிக்கோசிஸ். இதற்கு மருந்து இல்லை என்றார்.

அதற்கப்புறம் இவரால் படுக்க முடியாது. சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் ராத்திரி கழியும். சர்ச்சுக்கு நடக்க மூச்சு கிடையாது. அவர் போக முடியாததால் சபைக்காரர்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு பாட்டு, ஒரு வசனம், கொஞ்ச நேரம் ஜெபம், கடுங்காப்பி. மைக் கிடையாது. டிரம் கிடையாது. வாசலில் போர்டு கிடையாது. அவர் கட்டிலைச் சுற்றித்தான் உட்காருவோம். இதுதான் அவர்கள் ஃபைலில் 'அனுமதியற்ற ஜெபக்கூடம்'.

சிலிக்கோசிஸைப் பற்றியும் சட்டம் இருக்கிறது, தெரியுமா? 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தில், அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் அது இருந்தது. இவருக்கு வந்ததை யார் அறிவித்தார்கள்? தூசியை அளக்க யார் வந்தார்கள்? மூக்குக்கு ஒரு துணியாவது கட்டச் சொன்னது யார்? கேட்டபோது, மின்சாரத்தில் ஓடுகிற இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அந்தச் சட்டப்படி அது தொழிற்சாலை, உங்கள் ஆள் வேலை பார்த்த யூனிட் அதில் வராது என்றார்கள். சரி. மனுஷன் சாகிற இடத்துக்குக் கணக்கு வைத்திருந்தீர்கள், பத்துப் பேர் என்று. ஜெபம் பண்ணுகிற இடத்துக்கு என்ன கணக்கு? எத்தனை பேர் வந்தால் என் வீடு வீடில்லாமல் போகிறது? எனக்குக் காட்டிய தாளில் அப்படி ஓர் எண்ணே இல்லை.

அந்தத் தாளைப் பற்றியும் சொல்கிறேன். 1972-ஆம் வருஷத்து நகராட்சிக் கட்டட விதிகள், 1997-ஆம் வருஷத்து ஊராட்சிக் கட்டட விதிகள். பொது வழிபாட்டுக்காகக் கட்டடம் கட்டுவதென்றால் கலெக்டரின் முன் அனுமதி வேண்டும் என்று அவற்றில் இருந்தது. 1982-இல் மண்டைக்காட்டில் ரத்தம் சிந்தியதையும், அதற்கப்புறம் நீதிபதி வேணுகோபால் ஆணையம் புது வழிபாட்டிடங்களுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று சொன்னதையும் கூட எடுத்துச் சொன்னார்கள். ஒத்துக்கொள்கிறேன் ஐயா. கலவரம் வரக் கூடாது. நாளைக்கே நான் ஒரு மனை வாங்கிக் கோபுரம் எழுப்பினால் கலெக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுப்ப வேண்டும். ஆனால் நான் என்ன கட்டினேன்? ஒரு செங்கல் வைத்தேனா? அடுப்பு அதே இடத்தில், கட்டில் அதே இடத்தில், என் மகளின் புத்தகப்பை அதே ஆணியில்.

"கோர்ட்டே சொல்லிவிட்டது" என்று என் வாயை அடைத்தார்கள். எந்தக் கோர்ட், என்ன சொன்னது என்று மகளைவிட்டுப் படிக்கச் சொன்னேன். சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பக்கம், கே.கே.ஆர். நகரில் ஒரு சபைக்கும் குடியிருப்போர் சங்கத்துக்கும் வந்த வழக்கில் 2000-ஆம் வருஷம் உச்ச நீதிமன்றம் சொன்னது, அடுத்தவன் நிம்மதியைக் கெடுத்து ஜெபிக்க எந்த மதமும் சொல்லவில்லை என்று. நூற்றுக்கு நூறு சரி. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் வைத்துத் தெருவையே அலறவிட்ட சில ஊழியக்காரர்கள் மேல் எனக்கும் கோபம் உண்டு. வாடகை வீட்டைப் பிடித்து, நடுச்சுவரை இடித்து, போர்டு மாட்டி, அதற்கு வீடு என்று பேர் வைத்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் போட்ட சத்தத்துக்குத்தான் கட்டில் பக்கத்தில் முணுமுணுத்த நாங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

2025-இல் திருவாரூர் மாவட்டத்து வழக்கு ஒன்றில் சென்னை உயர் நீதிமன்றம், ஸ்பீக்கர் வைக்க மாட்டோம் என்பது மட்டும் போதாது, அனுமதியில்லாமல் வீட்டை ஜெபக்கூடமாக மாற்றி ஜெபக்கூட்டம் நடத்த முடியாது என்று சொல்லியிருக்கிறது. படித்தவர்கள் சொல்லுங்கள், மாற்றுவது என்றால் என்ன? கண்ணை மூடுவதா? பாய் விரிப்பதா? அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவு பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரத்துக்கு உட்பட்டு எல்லாருக்கும் வழிபாட்டு உரிமை இருக்கிறது என்கிறது. என் கணவரின் மூச்சிரைப்பைவிடச் சத்தமாக அந்த அறையில் எதுவும் கேட்டதில்லை. எந்த ஒழுங்கு கெட்டது?

இதையெல்லாம் கூடத் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது அந்த மனு.

மேஜையில் கிடந்த மனுவை அதிகாரி என் பக்கம் திருப்பிக் காட்டினார். "உங்க தெருக்காரங்களே கொடுத்ததும்மா." மதமாற்றம் நடக்கிறது, பெண்களுக்குப் பாதுகாப்பில்லை, குடியிருப்பு மனையில் சட்டவிரோத வழிபாடு. டைப் அடித்துக் கொண்டுவந்தவர்கள் எங்கள் தெருவே இல்லை, எங்கிருந்தோ பைக்கில் வந்த பையன்கள். கையெழுத்து மட்டும் தெருவுடையது. மூன்றாவது வரியில் எதிர்வீட்டு அக்காவின் கையெழுத்து. கோணலாய், கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கி. அந்த எழுத்து எனக்குத் தெரியாதா? மகளிர் குழுவில் கடன் வாங்கக் கைநாட்டு வேண்டாம், கையெழுத்துப் போடு அக்கா என்று சிலேட்டில் எழுதவைத்துப் பழக்கினதே நான்தானே!

அக்கா, உன்னைத்தான் கேட்கிறேன். உன் பேரனுக்கு நடுராத்திரி ஜுரம் ஏறி வெட்டி இழுத்தபோது எங்கே தூக்கிக்கொண்டு ஓடிவந்தாய்? ஆட்டோ வருகிறவரைக்கும் அவன் நெற்றியில் கை வைத்து, அரை மூச்சில் ஜெபம் பண்ணினாரே, அவரிடம் என்ன மதம் மாறினாய்? மறுவாரம் நெற்றி நிறைய விபூதியோடு வந்து எங்களோடு உட்கார்ந்தாயே, அழி என்று யாராவது சொன்னோமா? உன்னை மிரட்டினார்களா? மிரட்டினார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே பேனா கொடுத்திருப்பேன்.

அந்த மகளிர் குழு எங்கே கூடியது என்று நினைக்கிறீர்கள்? இதே வீட்டில். செவ்வாய்க்கிழமை குழு, வெள்ளிக்கிழமை ஜெபம். அதே பாய். ஏறக்குறைய அதே தலைகள். குழுக் கூட்டத்தில்தான் சத்தம் அதிகம், தவணை கட்டாதவளைப் பிடித்து நாலு பேர் கத்துவார்கள். பேங்க்காரர் வந்து பார்த்து, நல்லா நடத்துறீங்கம்மா என்று பாராட்டிவிட்டுப் போனார். கடன் கணக்குப் பார்த்தால் வீடு. ஆண்டவரே என்று சொன்னால் விதிமீறல்.

எழுதிக்கொடுத்த பிறகு வெள்ளிக்கிழமையில் யாரும் வரவில்லை. வருவதற்குப் பயந்தார்கள், வரவழைக்க நானும் பயந்தேன். இவர் கேட்டுக்கொண்டே இருந்தார், "இன்னிக்கு வெள்ளியா?" என்று. நான் கிழமையை மாற்றிச் சொல்வேன். ஒரு மனுஷன் கடைசிக் காலத்தில் நாள் கிழமை தெரியாமல் போனது நோயினாலா, என் பொய்யினாலா? அந்தப் பொய்யை எந்த விதியின் கீழ் என்னைச் சொல்லவைத்தீர்கள்?

அவர் போய்விட்டார். முப்பதாம் நாள் ஜெபத்துக்குச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். சாப்பாடு செய்திருந்தோம். வாசலில் இரண்டு காக்கிச் சட்டை. "கூட்டம் கூட்ட மாட்டேன்னு எழுதிக் கொடுத்திருக்கியேம்மா." செத்தவருக்கு ஜெபம் சார், ஒரு தடவை என்று கெஞ்சினேன். அவர்களில் வயதில் பெரியவர், நல்ல மனுஷன்தான், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "சாப்பாடு போடுங்க, தாராளமா போடுங்க. ஜெபம் மட்டும் வேணாம்." அதே ஆட்கள். அதே வீடு. சாதம் பரிமாறலாம். அவர் பெயரைச் சொல்லிக் கண்ணை மூடக் கூடாது. என் மாமியார் இலை முன்னால் உட்கார்ந்து, கையைக் கூப்புவதா வேண்டாமா என்று என்னைப் பார்த்தாள். எழுபது வயசு தாண்டியவள். சாப்பாட்டுக்கு முன்னால் ஸ்தோத்திரம் சொல்லப் போலீஸ்காரரைத் திரும்பிப் பார்த்தாள்.

இந்த ஊருக்குப் பக்கத்தில் மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் இருக்கிறார். நியாயம் கிடைக்காதவர்கள் குறையைக் காகிதத்தில் எழுதி அங்கே பிராது கட்டுவார்கள். திருட்டு, கடன், துரோகம், எல்லாம் எழுதலாம். எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து கட்டிவிட்டுப் போகிறார்கள். என்னோடு வேலை பார்த்த ஒருத்தி சொன்னாள், "நீயும் போய் ஒண்ணு கட்டுடீ, சாமி என்ன சர்ட்டிபிகேட்டா கேக்கும்?" என்று. அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சாமியிடம் பிராது கொடுக்கிற ஊரில், மனுஷரிடம் கொடுத்த மனுவுக்கு ஒரு ரசீது கூட வாங்க முடியவில்லை என்னால்.

ஆமாம், நானும் மனு கொடுத்திருக்கிறேன். என்னிடம் எழுதி வாங்கினீர்களே, எனக்கும் எழுதிக் கொடுங்கள் என்று. சொந்த வீட்டில், கதவு சாத்தி, மைக் இல்லாமல் எத்தனை பேர் ஜெபம் பண்ணலாம்? வாரத்துக்கு எத்தனை தடவை? எவ்வளவு நேரம்? சொந்தக்காரர் கணக்கில் வருவாரா, மாட்டாரா? சாகக் கிடக்கிறவருக்கு ஏதாவது விலக்கு உண்டா? கொலுவுக்கும் பஜனைக்கும் இல்லாத அனுமதி எனக்கு மட்டும் எந்தப் பிரிவின்படி வேண்டும்? வாயால் சொல்ல வேண்டாம். சீல் வைத்து, தேதி போட்டு, பதவிப் பேரோடு கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அவருடைய வருஷ நினைவு நாள் வருகிறது. அதற்குள் பதில் வராவிட்டாலும் பாய் விரிப்பேன், ஜெபம் நடக்கும். எண்ணிப் பார்க்க வருகிறவர் உள்ளே வந்து உட்கார்ந்தே எண்ணலாம். எதிர்வீட்டு அக்காவுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.