தஹவ்வூர் ராணா வழக்கும் இணையத் தீர்ப்புகளும்: எங்கள் நிலைப்பாடு

மும்பைத் தாக்குதல் வழக்கில் தேடப்பட்டுவந்த தஹவ்வூர் ஹுசைன் ராணா 2025 ஏப்ரல் 10 அன்று அமெரிக்காவிலிருந்து டெல்லிக்குக் கொண்டுவரப்பட்டார். அவர் வந்த விமானம் தரையிறங்குவதற்குள் சமூக ஊடகங்களில் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார்கள். விசாரணை எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. போகிற வழியிலேயே என்கவுன்ட்டரில் முடித்துவிடலாமே என்றவர்கள் உண்டு. இன்னொருவருக்கும் பிரியாணி போட்டு வளர்க்கப்போகிறோமா என்ற கேலி எல்லா மொழிகளிலும் சுற்றியது. தமிழில் மீம்களாகவும் வந்தது.

வழக்கறிஞர்களும் பத்திரிகையாளர்களும் சேர்ந்து இயங்கும் எங்கள் அமைப்பு இதைப் பற்றி என்ன நினைக்கிறது என்று பலர் கேட்டார்கள். சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: ராணா மீதான வழக்கு, அவருக்கென்று ஒரு வழக்கறிஞர் வாதாட, சாட்சிகள் குறுக்கு விசாரணை செய்யப்பட்டு, முழுமையாக நடக்க வேண்டும். குறுக்குவழி கேட்கும் குரல்கள், 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலில் இறந்த 166 பேருக்கு நியாயம் கேட்பதாக நினைத்துக்கொண்டு, அந்த நியாயத்தின் குறுக்கே நிற்கின்றன.

பிடிபட்டதில் மகிழ்ச்சி அடைவதை நாங்கள் குறை சொல்லவில்லை. எங்களுக்கும் அது நிம்மதிதான். சிஎஸ்எம்டி ரயில் நிலையத்தில் குண்டடிபட்டவர்களோ, தாஜ் ஹோட்டலில் உறவைப் பறிகொடுத்தவர்களோ அவரைத் தூக்கில் போடுங்கள் என்று சொன்னால், அந்தக் கோபத்தை அளந்து பார்க்கும் தகுதி எங்களுக்குக் கிடையாது. மரண தண்டனை பற்றி எங்கள் உறுப்பினர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. இந்த அறிக்கை அதைப் பற்றியதும் அல்ல. நாங்கள் பேசுவது, எதையும் இழக்காமல் கைபேசியில் கயிறு திரிக்கும் மற்றவர்களிடம்.

முதலில் அந்தப் பிரியாணி. மும்பைத் தாக்குதலில் உயிரோடு பிடிபட்ட அஜ்மல் கசாப் சிறையில் பிரியாணி கேட்டார், அரசு கொடுத்தது என்ற கதையைக் கேட்காதவர்கள் இல்லை. அந்த வழக்கின் சிறப்பு அரசு வழக்கறிஞர் உஜ்வல் நிகம், 2015 மார்ச்சில் ஜெய்ப்பூரில் நடந்த ஒரு மாநாட்டுக்கு வந்தபோது, கசாப் பிரியாணி கேட்கவும் இல்லை, யாரும் கொடுக்கவும் இல்லை, கசாபுக்கு ஆதரவாக எழுந்த அனுதாபத்தை உடைக்கத் தானே கட்டிவிட்ட கதை அது என்று சொன்னார். அரசுத் தரப்பில் வாதாடிய ஒருவர் அப்படிச் செய்தது சரியா என்பது தனிக் கேள்வி. எங்கள் பார்வையில் சரியல்ல. ஆனால் அவரே மறுத்துப் பத்து ஆண்டு கழிந்த பிறகும் கதை சாகவில்லை. ராணா வந்து இறங்கியதும் முதலில் எழுந்தது அதுதான்.

உண்மையில் கசாபுக்கு நடந்தது என்ன? 2008 நவம்பரில் பிடிபட்டார். ஆர்தர் சாலை சிறை வளாகத்துச் சிறப்பு நீதிமன்றம் 2010 மே மாதம் மரண தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றம் 2011-இலும் உச்ச நீதிமன்றம் 2012 ஆகஸ்டிலும் அதை உறுதி செய்தன. அதே ஆண்டு நவம்பர் 21 அன்று எரவாடா சிறையில் தூக்கிலிடப்பட்டார். நான்கே ஆண்டுகள். நம் ஊரில் ஒரு பாகப்பிரிவினை வழக்குகூட அவ்வளவு சீக்கிரம் முடிவதில்லை. இன்னொன்றை யாரும் பகிர்வதில்லை. கசாபோடு சேர்த்துக் குற்றம் சாட்டப்பட்ட இரண்டு இந்தியர்களை அதே சிறப்பு நீதிமன்றம் விடுவித்தது. மேல் நீதிமன்றங்களும் அதை ஏற்றுக்கொண்டன. விசாரணையே வேண்டாம் என்று அன்று கேட்டவர்கள் விருப்பம் நிறைவேறியிருந்தால், மூன்று பேரும் ஒரே கயிற்றில் போயிருப்பார்கள்.

இனி, வெளிநாட்டில் இருப்பவர்களைக் கொண்டுவருவது. இந்த அறிக்கையில் நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான். ராணாவைக் கொண்டுவர ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆயின. 2020 ஜூனில் இந்தியாவின் கோரிக்கையின் பேரில் அவர் லாஸ் ஏஞ்சலிஸில் மீண்டும் கைதானார். 2023 மே மாதம் அங்குள்ள நீதிமன்றம் அனுப்பலாம் என்றது. 2025 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் மனுவை ஏற்க மறுத்தது. கடைசி நேரத்தில் அவர் தரப்பு வைத்த வாதம் என்ன தெரியுமா? பாகிஸ்தான் வம்சாவளி முஸ்லிமான தனக்கு இந்தியச் சிறையில் சித்திரவதைதான் காத்திருக்கிறது என்பது. அந்த வாதம் தோற்றது. எப்போதும் தோற்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. 2025 பிப்ரவரியில்தான், வரி ஏய்ப்பு, பணமோசடி வழக்குகளில் தேடப்படும் ஆயுத ஆலோசகர் சஞ்சய் பண்டாரியை இந்தியாவுக்கு அனுப்பக் கூடாது என்று லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திகார் சிறையில் அவர் மிரட்டிப் பணம் பறிக்கப்படுவதற்கும் தாக்கப்படுவதற்கும் உண்மையான ஆபத்து இருக்கிறது என்பது அதற்கான காரணங்களில் ஒன்று.

அடுத்து ஒருவரை நாம் கேட்கும்போது, அவருடைய வழக்கறிஞர் நம் இணையத்தைத் திறந்து பார்ப்பார். என்கவுன்ட்டரில் போடு என்று லட்சக்கணக்கில் எழுதியிருப்பதை, அதிலும் மக்கள் பிரதிநிதிகள் யாராவது எழுதியிருந்தால் அதை, அச்செடுத்து நீதிபதி முன் வைப்பார். அந்தப் பதிவுகளைப் போட்டவர்கள் தங்களைத் தேசபக்தர்கள் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். பயன் தப்பியோடியவருக்குப் போய்ச் சேரும்.

வெளிநாட்டுக்குக் கொடுத்த வாக்கு வெறும் காகிதம் அல்ல. 1993 மும்பைக் குண்டுவெடிப்பு வழக்கில் அபு சலேமை 2005-இல் போர்ச்சுகல் ஒப்படைத்தது, மரண தண்டனை இல்லை, 25 ஆண்டுகளுக்கு மேல் சிறை இல்லை என்ற உறுதிமொழியின் பேரில். அந்த உறுதிமொழி அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2022-இல் நம் உச்ச நீதிமன்றமே சொன்னது. நாடு கொடுத்த சொல்லை நாடு காப்பாற்றுவதால்தான் அடுத்த நாடு நம்மிடம் ஆளை ஒப்படைக்கிறது.

ராணாவிடம் நமக்குத் தேவைப்படுவது அவருடைய உயிரைவிட அவருக்குத் தெரிந்தவை. தாக்குதலுக்கு முன் மும்பையை உளவு பார்த்த டேவிட் ஹெட்லி, ராணாவின் குடியேற்ற ஆலோசனை நிறுவனத்தின் கிளையைத் திரையாகப் பயன்படுத்தினார் என்பது குற்றச்சாட்டு. ஹெட்லி அமெரிக்க அரசோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தால் நம் கைக்கு வரவே மாட்டார். 2016-இல் காணொளி வழியாக மும்பை நீதிமன்றத்தில் சாட்சி சொன்னதோடு சரி. லஷ்கர்-இ-தொய்பா பயங்கரவாத அமைப்பு முதல் பாகிஸ்தான் ராணுவ உளவு அமைப்புவரை இந்தச் சதி எங்கே போய் முடிகிறது என்பதைக் கேட்பதற்கு இந்திய மண்ணில் கிடைத்திருப்பவர் ராணா. விசாரணை வேண்டாம் என்பவர்கள் இந்தக் கேள்வியையும் சேர்த்தே புதைக்கச் சொல்கிறார்கள்.

வேறொரு சங்கடமான செய்தியும் உண்டு. 2011-இல் சிகாகோ நீதிமன்றத்தில் ஜூரிகள் ராணாவை, மும்பைத் தாக்குதலுக்கு உதவினார் என்ற குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தார்கள். லஷ்கருக்கு உதவியதற்காகவும் டென்மார்க் நாளிதழ் ஒன்றைத் தாக்கத் திட்டமிட்டதற்காகவும்தான் தண்டித்தார்கள். இந்தியத் தரப்பு தன் சாட்சியங்களால் இங்கே குற்றத்தை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. சுலபமான வழக்கு அல்ல. ஆனால் ராணா வந்திறங்கிய அன்று இணையத்தில் நடந்த பெரிய சண்டை, அவரைக் கொண்டுவந்த பெருமை மோடி அரசுக்கா, மன்மோகன் சிங் அரசுக்கா என்பது. இரு கட்சிகளின் ஐடி விங்குகளும் காட்டிய உழைப்பில் கால்வாசியை வழக்கின் விவரங்களை மக்களுக்குச் சொல்வதில் காட்டியிருக்கலாம்.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் இதையெல்லாம் வேறு எவரையும்விட நன்றாக அறிந்திருக்க வேண்டும். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. ஒருவர் விடாமல். 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேர் மீதான கொலைச் சதிக் குற்றச்சாட்டு நிற்காது என்றது. சிறு குற்றங்களுக்கான தண்டனையை ஏற்கெனவே அனுபவித்துவிட்டதால் அவர்கள் வெளியே வந்தார்கள். அந்த 26 பேரில் ஒருவரான பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரி தியாகராஜன், அவர் சொன்னதை முழுவதும் தான் எழுதவில்லை என்று 2013-இல் சொன்னார். பேரறிவாளன் வெளியே வர 2022 ஆகிவிட்டது. காவல் அதிகாரியிடம் தந்த வாக்குமூலத்தைச் சாட்சியமாக்கிய தடா சட்டத்தின் கீழ் நடந்த விசாரணை அது. அந்த விசாரணையும் இல்லாமல் இருந்திருந்தால்? இந்தக் கேள்வியைப் பேரறிவாளனுக்காகப் பல ஆண்டுகள் கேட்டவர்களில் சிலர், பெயரும் மதமும் மாறியதும் என்கவுன்ட்டர் மீமைப் பகிர்கிறார்கள். நாங்கள் அவர்களைத்தான் அதிகம் நொந்துகொள்கிறோம்.

ஒரு கூட்டத்தையே சந்தேகத்தில் நிறுத்துவதன் வலியும் நமக்குத் தெரியாததல்ல. 2024 மார்ச் 1 அன்று பெங்களூரு ராமேஸ்வரம் கஃபேயில் குண்டு வெடித்தது. தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் குண்டு வைக்கிறார்கள் என்ற பொருள்பட அப்போதைய மத்திய இணையமைச்சர் ஷோபா கரந்தலாஜே பேசினார். தமிழர்கள் கொதித்தார்கள், அவர் மன்னிப்புக் கேட்டார். ஏப்ரலில் மேற்கு வங்கத்தில் தேசியப் புலனாய்வு முகமை (என்ஐஏ) பிடித்த முக்கியச் சந்தேக நபர்கள் இருவரும் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்துக்காரர்கள். அன்று நமக்கு வந்த கோபம் நியாயமானது என்றால், ஒவ்வொரு கைதுக்குப் பிறகும் பக்கத்துத் தெரு முஸ்லிம் குடும்பத்திடம் பதில் கேட்கும் பதிவுகளைப் பற்றியும் அதே கோபம் வர வேண்டும்.

ராணாவுக்காக வாதாடும் வழக்கறிஞரைப் பற்றி ஒரு சொல். சட்ட உதவி அமைப்பு நியமித்தவர் அவர். கசாபுக்காக ஆஜராக நியமிக்கப்பட்ட பெண் வழக்கறிஞர் ஒருவரின் வீட்டின் முன் 2009-இல் ஒரு கும்பல் கூடி ரகளை செய்தது. குறிப்பிட்ட நபர்களுக்கு வாதாட மாட்டோம் என்று வழக்கறிஞர் சங்கங்கள் தீர்மானம் போடுவது செல்லாது என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கு கோவையிலிருந்து போனது. அங்கே புறக்கணிக்கப்பட்டவர்கள் பயங்கரவாதிகள் அல்ல, காவலர்கள்.

என்கவுன்ட்டர் கேட்கும் பதிவுகள் மீது காவல்துறை வழக்குப் போட வேண்டும் என்று எங்கள் கூட்டத்தில் சிலர் வற்புறுத்தினார்கள். நாங்கள் அதை ஏற்கவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததற்குக் காரணம் இருக்கிறது. கோபப் பதிவுக்குக் கைது என்று தொடங்கினால் அது யார் வீட்டு வாசலில் போய் நிற்கும் என்பதை நாம் பார்த்திருக்கிறோம். நேரடி வன்முறைத் தூண்டலுக்கு இருக்கும் சட்டமே போதும்.

செய்தி நிறுவனங்களிடமும் யூடியூப் நடத்துபவர்களிடமும் நாங்கள் கேட்பது வேறு. கைதானவரைக் குற்றவாளி என்று தம்ப்நெயிலில் அறிவிக்காதீர்கள். குற்றம் சாட்டப்பட்டவர் என்று எழுத ஒரு சொல்தான் கூடுதல். விசாரணையில் ஒப்புக்கொண்டார் என்று காவல்துறை வட்டாரம் சொல்வதை அப்படியே போடாதீர்கள்; காவலரிடம் சொன்ன ஒப்புதல் பொதுவாக நீதிமன்றத்தில் சாட்சியமாகாது. உள்ளூர்க் கைதுகளில் அடையாள அணிவகுப்புக்கு முன் முகத்தை வெளியிட்டால் சாட்சியின் அடையாளமே பலவீனப்படும். மனைவி, பிள்ளைகள், வீட்டு முகவரி ஆகியவை எந்த நேரத்திலும் செய்தி அல்ல. வெளியிட்டது தவறு என்று தெரிந்தால், வெளியிட்ட அளவுக்கே பெரிதாகத் திருத்தமும் வர வேண்டும்.

விசாரணை வேண்டுமா வேண்டாமா என்ற தலைப்பில் நடக்கும் எந்தத் தொலைக்காட்சி விவாதத்திலும் எங்கள் உறுப்பினர்கள் இனி கலந்துகொள்ள மாட்டார்கள். வழக்கின் சாட்சியங்கள், ஒப்படைப்பு ஒப்பந்த நிபந்தனைகள், குற்றப்பத்திரிகை ஆகியவை பற்றி யார் அழைத்தாலும் வருவார்கள்.