விழுந்தவனுக்கு யார் நீதிபதி?

கடவுளைவிட்டு விலகியவன் என்ன ஆவான்? இந்தக் கேள்விக்குக் கிறிஸ்தவப் பிரசங்கிகளில் ஒரு சாரார் யோசிக்காமலே பதில் வைத்திருக்கிறார்கள். நரகம், அணையாத நெருப்பு, அவ்வளவுதான். துண்டுப் பிரசுரங்களில் அந்த நெருப்புக்குச் சிவப்பு மையில் படமும் போட்டுவிடுகிறார்கள். வீட்டில் ஒரு பிள்ளை ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போவதை நிறுத்திவிட்டால் போதும். தாய் அன்றிரவே அந்தப் படத்துக்குள் தன் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிடுகிறாள். அவளை உத்தேசித்துத்தான் இதை எழுதுகிறேன். பிரசங்கிகளுக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

கதை எழுதுகிறவனுக்கு வேத விஷயத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். ஒருநாளும் தவறி விழாத மனிதனை வைத்துக்கொண்டு யாரும் நல்ல கதை எழுதியதில்லை. ஆகையால் விழுந்தவனைப் பற்றிய விசாரணை என் தொழிலுக்கும் சொந்தம். தவிரவும், நான் ஊகம் எதையும் சொல்லப் போவதில்லை. சபையின் பழைய ஏடுகளிலேயே உள்ள சரித்திரத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

கி.பி. 250-ம் ஆண்டில் ரோமாபுரிச் சக்கரவர்த்தி டேசியஸ் ஓர் உத்தரவு போட்டான். குடிகள் அனைவரும் அதிகாரிகள் முன்னிலையில் தேவர்களுக்குப் பலியிட்டு, பானம் வார்த்து, பலியிட்ட மாமிசத்தை ருசி பார்க்கவேண்டும். அப்படிச் செய்ததற்குச் சான்றுச் சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளவேண்டும். எகிப்தின் மணலுக்குள் கிடந்து தப்பிய அந்தச் சீட்டுகள் நாற்பதுக்கு மேல் நமக்குக் கிடைத்திருக்கின்றன. 1893-ல் முதலில் வெளியான சீட்டு, எழுபத்திரண்டு வயதுக் கிழவர் ஒருவருடையது. வலது புருவத்தில் தழும்பு என்று அங்க அடையாளம்கூட எழுதியிருக்கிறது. சர்க்கார் காகிதம் எந்தக் காலத்திலும் சர்க்கார் காகிதம்தான்.

கிறிஸ்தவர்களில் சிலர் மறுத்துச் சிறைக்குப் போனார்கள், செத்தார்கள். ரோமாபுரியின் பிஷப் ஃபேபியன் அவர்களில் ஒருவர். ஆனால் பலபேர் பலியிட்டார்கள். இன்னும் சிலர் பலியிடாமலே, காசு கொடுத்துச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். புயல் ஓய்ந்ததும் இவர்கள் அத்தனைபேரும் அழுதுகொண்டு கோயில் வாசலில் வந்து நின்றார்கள். இப்போது என்ன செய்வது?

அந்தக் காலத்திலிருந்து இரண்டு கதைகள் வந்திருக்கின்றன. முதலாவதைச் சொன்னவர் கார்த்தேஜ் நகரத்து பிஷப் சிப்ரியான். மறுதலித்த ஒரு பெண், நற்கருணை வைத்திருந்த பெட்டியைத் திறக்கப் போனாள். உள்ளிருந்து நெருப்புக் கிளம்பியது. இன்னொருவன் நற்கருணையைக் கையில் வாங்கினான். கையைத் திறந்து பார்த்தால் சாம்பல் இருந்தது.

இரண்டாவது கதையைச் சொன்னவர் அலெக்ஸாந்திரியாவின் பிஷப் டயோனிஷியஸ். யூசீபியஸ் அதைத் தம் சபைச் சரித்திரத்தில் சேர்த்து வைத்திருக்கிறார். செராப்பியோன் என்று ஒரு கிழவர். நெடுங்காலம் குற்றமில்லாமல் வாழ்ந்தவர், சோதனை வந்தபோது பலியிட்டுவிட்டார். பிறகு மன்னிக்கும்படி பலமுறை கெஞ்சினார். ஒருவரும் காது கொடுக்கவில்லை. நோயில் விழுந்து மூன்று நாள் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தார். நாலாம் நாள் சற்றுத் தெளிந்ததும் மகள் வயிற்றுப் பேரனைக் கூப்பிட்டு, குருவை அழைத்துவரச் சொன்னார். இரவு நேரம், குருவும் நோயில் படுத்திருந்தார். ஆனால் சாகும் தறுவாயில் கேட்பவர்களுக்கு மன்னிப்புக் கொடுக்கலாம் என்று பிஷப் முன்பே சொல்லியிருந்தார். குரு நற்கருணையில் ஒரு சிறு துண்டைப் பையன் கையில் கொடுத்து, நனைத்துத் தாத்தாவின் வாயில் விடச் சொன்னார். பையன் அப்படியே செய்தான். கிழவர் விழுங்கினார், உடனே உயிர் பிரிந்தது.

இரண்டு கதைகளிலும் குற்றம் ஒன்றுதான், நற்கருணையும் ஒன்றுதான். ஒன்றில் அது நெருப்பாகிறது. மற்றதில் ஒரு சிறுவனின் உள்ளங்கையில் ஏறி இருட்டில் நடந்து வருகிறது. நமது பிரசங்கிகள் முதல் கதையின் வாரிசுகள். இரண்டாவது கதையை அவர்கள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. செராப்பியோனுக்குக் கிடைத்த தண்டனை எது என்று பாருங்கள். வானத்திலிருந்து இடி விழவில்லை. அவர் கெஞ்சியதை ஒருவரும் கேட்கவில்லை. அதுதான் அவர் அனுபவித்த நரகம். அதை மூட்டியவர்கள் அக்கம்பக்கத்து விசுவாசிகள்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் மறைக்க வேண்டாம். ரோமாபுரியில் நோவாஷியன் என்ற பெரும் கல்விமான் இருந்தார். மறுதலித்தவனுக்குச் சபையில் இனி இடமே இல்லை என்று சொல்லி, தனிச் சபை கண்டார். அவருக்கு ஆதாரம் இல்லாமலில்லை. மனிதர் முன்பு தம்மை மறுப்பவனைத் தாமும் மறுக்க நேரும் என்று இயேசு எச்சரித்ததாக மத்தேயு சொல்கிறார். ஒருமுறை ஒளியைக் கண்டபின் விலகினவர்களைத் திரும்பப் புதுப்பிப்பது கூடாத காரியம் என்ற கருத்து எபிரெயர் நிருபத்தில் இருக்கிறது. வசனம் கடுமையானதுதான். ஆனால் அதே சுவிசேஷத்தில் பேதுரு ஒரே இரவில் மூன்று தரம் மறுதலிக்கிறார். அவருக்கு எதிரே நின்றது சக்கரவர்த்தியல்ல, வேலைக்காரப் பெண். அந்த மனிதரைத்தான் சபை தன் முதல் தூணாகக் கொண்டாடுகிறது! நோவாஷியனின் சட்டப்படி பேதுருவுக்கே உள்ளே இடமில்லை.

அப்படியானால் விலகுவதால் ஒன்றும் இல்லையா, எல்லாம் அன்பு, எல்லாம் மன்னிப்பு என்று போய்விடலாமா? அப்படிப் பேசுகிற நாகரிகக்காரர்களோடும் எனக்குச் சம்மதமில்லை. 325-ல் நிசேயாவில் கூடிய மகாசபை, கட்டாயமோ ஆபத்தோ இல்லாமல் மறுதலித்தவர்களுக்கு ஒரு கணக்குப் போட்டது. மூன்று வருஷம் வேதவாசகம் கேட்பவர்களோடு மட்டும் இருக்கவேண்டும்; ஏழு வருஷம் தரையில் விழுந்து வணங்குபவர்களோடு; இரண்டு வருஷம் ஜெபத்தில் மட்டும் கலந்துகொண்டு, நற்கருணை இல்லாமல். ஆகப் பன்னிரண்டு வருஷம்! விலகியது சின்ன விஷயம் என்று அவர்கள் நினைக்கவில்லை. போன தூரத்தைத் திரும்ப நடக்கத்தான் வேண்டும். ஆனால் இந்தக் கணக்குக்கு ஒரு முடிவு இருக்கிறது. நரகப் படக்காரர்களின் கணக்குக்கு முடிவே கிடையாது. மரணப்படுக்கையில் இருப்பவனுக்கு நற்கருணையை மறுக்கக் கூடாது என்றும் அதே மகாசபை விதித்தது.

‘பயம் இல்லாவிட்டால் ஜனங்கள் கெட்டுப்போவார்களே’ என்பது கடைசி வாதம். இதற்குத்தான் முக்கியமாகப் பதில் சொல்லவேண்டும். இவர்களை விழவைத்தது எது? பயம். சிறை, சித்திரவதை, சொத்துப் பறிமுதல் என்ற பயம். டேசியஸ் கையாண்ட ஆயுதம் அது ஒன்றுதான். பயத்தால் விழுந்தவனை அதைவிடப் பெரிய பயத்தைக் காட்டி எழுப்பினால், அவன் எஜமானை மாற்றிக்கொண்டான் என்று அர்த்தம். கடவுளிடம் திரும்பினான் என்று அர்த்தமல்ல.

நெருப்புக் கதை சொன்ன சிப்ரியானே இதைக் கற்றுக்கொண்டார். 251-ல் கார்த்தேஜில் கூடிய சங்கத்தில், சீட்டு மட்டும் வாங்கியவர்களைத் தவத்துக்குப் பின் சேர்த்துக்கொள்ளலாம், பலியிட்டவர்களுக்கு மரணத் தறுவாயில் மட்டும் சமாதானம் என்று தீர்மானமாயிற்று. ஓரிரு வருஷத்தில் மறுபடி ஒரு கொடுமை வரப்போவதாகத் தெரிந்தது. அப்போது அவரும் சக பிஷப்புகளும், தவத்தில் நிலைத்திருந்த எல்லோரையும் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்துவின் இரத்தத்தைப் பருகத் தராமல், கிறிஸ்துவுக்காக இரத்தம் சிந்து என்று எந்த முகத்தோடு கேட்பது என்பது அவர்கள் சொன்ன நியாயம். மனிதனுக்குத் தைரியம் மன்னிப்பிலிருந்து வருகிறது என்று கண்டுகொண்டார்கள். சிப்ரியான் 258-ல் அதே கார்த்தேஜில் தலைவெட்டுண்டு இறந்தார். ஆகவே இது கோழையின் வாதம் என்று யாரும் தள்ளிவிட முடியாது.

ஐந்தாம் நூற்றாண்டில் சோக்ரடீஸ் என்று ஒரு சபைச் சரித்திரக்காரர் இருந்தார். கிரேக்க ஞானி அல்ல, வேறொருவர். அவர் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். நிசேயாவில் கான்ஸ்டண்டைன் சக்கரவர்த்தி, நோவாஷியன் கட்சியின் பிஷப் அகேசியஸைப் பார்த்து, நீர் ஏன் தனியே நிற்கிறீர் என்று கேட்டான். அவர் தம் கட்சியின் கடுமையை விவரித்தார். அப்படியானால் ஒரு ஏணியைப் போட்டுக்கொண்டு நீர் மட்டும் தனியாகப் பரலோகத்துக்கு ஏறும் என்றானாம் சக்கரவர்த்தி.

அந்த ஏணிகள் இன்றும் விற்பனைக்கு இருக்கின்றன. வாங்குகிறவர்கள் வாங்கி ஏறட்டும், நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் ஏறுகிற போக்கில், கீழே நிற்கும் தாயிடம் அவள் பிள்ளையின் முடிவைச் சொல்லிவிட்டுப் போக அவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? அம்மா, அந்தச் சிவப்பு மைப் படத்தைக் கிழித்துப் போடுங்கள். பிள்ளை எந்த நேரத்தில் வந்து தட்டினாலும் எழுந்து திறக்கிறமாதிரி கதவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.